மேல்வீட்டில் ஒழுகுவதில்லை

அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வருடங்கள் வாழ்ந்த எவருக்கும் இந்த உரையாடல் மனப்பாடமாகியிருக்கும். கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து மேல்வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

“தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல தண்ணி சொட்டுது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”

“அப்படியா அக்கா? எங்க வீட்டுல எங்கயும் ஒழுகலையே. தரையெல்லாம் காஞ்சுதான் கெடக்கு.”

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுக் குளியலறைத் தரை காய்ந்துதான் இருக்கிறது. குழாய்கள் இறுக மூடியிருக்கின்றன, சுவரில் ஈரத்தின் சுவடே இல்லை. ஒழுகலை எப்போதும் கீழே இருப்பவர்தான் அனுபவிக்கிறார். மேலே இருப்பவர் அதை உணர வழியே கிடையாது. தண்ணீரால் வீட்டுக்கு வரும் கேடுகளை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எளிய செய்திதான் மீண்டும் மீண்டும் முன்னால் வந்து நிற்கிறது. கேடு தெரிவது கீழே. அதை நிறுத்தும் வால்வு இருப்பது மேலே.

இது எப்படி நேர்கிறது என்பதைத் தளத்தைப் பிளந்து பார்த்தால் புரியும். இன்றைய அடுக்குமாடிகள் பலவற்றில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளின் தளத்தைவிடத் தாழ்த்தி வார்க்கிறார்கள். கழிவுக் குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். செங்கல் துண்டுகளும் சிமென்டும் போட்டு அதை மூடி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நாம் நம்புகிறோம். டைல்ஸ் தடுக்கிறது, இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடுக்கு நெடுநாள் தடுப்பதில்லை. வருடங்கள் போகப்போக அந்த இடுக்கில் நிரப்பிய சாந்து உதிர்கிறது. கழிவுத் துவாரத்தைச் சுற்றித் தளமும் குழாயும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடுகிறது. குளிக்கிற தண்ணீரில் தினமும் கொஞ்சம் அந்த வழியாக இறங்கிப் பள்ளத்துக்குள் தங்கிவிடுகிறது. காலடியில் தரை காய்ந்திருக்கிறது. அதற்கு அரையடி கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதன்மேல் நின்றுகொண்டுதான் ‘எங்க வீட்டுல ஒழுகலையே’ என்கிறோம்.

உள்ளே போன தண்ணீர் நேராகக் கீழே இறங்குவதும் இல்லை. கம்பி ஓரமாகவும் மின்கம்பி போகும் குழாய் வழியாகவும் தளத்தின் சாய்வைப் பிடித்துக்கொண்டும் நகர்ந்து, எங்கோ ஓரிடத்தில் வெளிவருகிறது. குளியலறையில் புகுந்த தண்ணீர் கூடத்து மின்விசிறிக் கொக்கியில் சொட்டுவது இப்படித்தான். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிறவர் நல்ல தரையை உடைத்துவிட்டுத் திகைத்து நிற்பார். அனுபவமுள்ள பிளம்பர் சுத்தியலை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். மழை பெய்தால் மட்டும் சொட்டுகிறதா? அப்படியென்றால் மொட்டைமாடியையோ வெளிச்சுவரையோ பார்க்க வேண்டும். மேலே குளித்து முடித்த பிறகு சொட்டுகிறதா? தரையிலோ கழிவுக் குழாயிலோ கோளாறு. இரவும் பகலும் விடாமல் சொட்டுகிறதா? சுவருக்குள் பதித்த, எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் எங்கோ விட்டிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கீழே வசிப்பவரிடம்தான் உண்டு. மேல்வீட்டைப் பற்றி மேல்வீட்டாருக்குத் தெரியாத செய்தி ஒன்று கீழ்வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் செய்தியைக் கேட்காமல் நாள் கடத்தினால் என்ன ஆகும்? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் காப்பாற்றப்படுவதற்குக் காரணம் சிமென்டின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அதோடு ஈரமும் சேர்ந்துகொண்டால் துரு தொடங்குகிறது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். இடம் எங்கே இருக்கிறது? சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்புகிறது. முதலில் கம்பி போன வழியில் நீள விரிசல் தெரியும். பிறகு ஒருநாள் சீலிங்கிலிருந்து பாளம் பெயர்ந்து விழும், துருப்பிடித்த கம்பி எலும்பாகத் தெரியும்.

விழுவது கீழ்வீட்டார் தலைமேல் என்பதால் அதைக் கீழ்வீட்டுச் சேதம் என்கிறோம். பெயர்ந்து விழுந்தது மேல்வீட்டின் தரை. அரிக்கப்பட்டிருப்பது மேல்வீட்டாரைத் தாங்கிக்கொண்டிருக்கும் கம்பி. தன் காலடி கரைந்துகொண்டிருப்பதை அவருக்குச் சொல்ல வேறு யாராலும் முடியாது. கதவைத் தட்டிய அந்த அம்மாவால் மட்டுமே முடியும். அவரைத் தொல்லை பண்ண வந்தவராகப் பார்க்கிறோமே, அவர் கொண்டுவந்தது எச்சரிக்கை அல்லவா?

கீழே இருப்பவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. உரிந்த இடத்தைச் சுரண்டிப் பட்டி வைத்து வெள்ளையடிக்கலாம். அடுத்த சில மாதங்களில் அந்த வெள்ளை கொப்புளம் கட்டி மறுபடி உரியும். பொய்க்கூரை போட்டு மறைக்கலாம். மறைவில் பூசணம் செழிக்கும். நனைந்த மரமும் துணியும் அட்டையும் ஓரிரு நாளில் உலராவிட்டால் பூசணம் வேர்பிடிக்கத் தொடங்கும் என்பார்கள். அந்த வாடையில் வீசிங் உள்ள குழந்தைக்கு இரவுத் தூக்கம் போகும். வாடகைக்கு இருப்பவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார், மேல்வீட்டுக்காரருக்கு இவர் முகம்கூடத் தெரியாது. கூரைக்குக் கீழே வாழ்கிறவருக்கு அந்தக் கூரையின்மேல் எந்த அதிகாரமும் இல்லை.

மேல்வீட்டாரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தான் உணராத ஒரு கேட்டுக்காகத் தன் நல்ல குளியலறையை உடைக்க வேண்டும். தூசி, கூலி, ஈரம் காக்கும் நாட்கள், அதுவரை குளிக்க வேறு இடம். இத்தனைக்கும் முடிவில் அவர் கண்ணுக்குத் தெரியும் லாபம் ஒன்றுமில்லை; தரை முன்பு இருந்தது போலவேதான் இருக்கும். பலன் முழுவதும் இன்னொருவர் வீட்டுச் சீலிங்கில். கண்ணால் காணாத பலனுக்காகக் கைப்பணத்தைச் செலவழிக்கச் சொல்வது எளிதல்ல. அதனால்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் லிஃப்டுக்கும் வண்ணப்பூச்சுக்கும் கிடைக்கும் ஒப்புதல் ஒழுகலுக்குக் கிடைப்பதில்லை.

சோதனையே இரண்டு வீட்டாரும் சேர்ந்தால்தான் நடக்கும். மேலே துவாரத்தை அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு பகலும் ஓரிரவும் விட வேண்டும். கீழே ஒருவர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வீட்டார் தனியாக நின்று இந்த உண்மையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு இதில் பெரிய பாடம் இருப்பதாகப் படுகிறது. விரிசலை அடைக்கும் வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு வீட்டாருக்கும் நடுவே பேச்சு வார்த்தை இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த ரசாயனப் பூச்சும் உதவாது.

முன்பு கட்டிய வீடுகள் ஒழுகாமல் இருந்தன என்று சொல்ல நான் வரவில்லை. அவையும் ஒழுகின. ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் தண்ணீர் வரும் என்ற எண்ணத்தோடு கட்டினார்கள். சென்னையின் பழைய மாடி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற தளத்தைப் பார்க்கலாம். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அத்தனை வேலைக்கும் உயிர் நீர்வாட்டத்தில் இருந்தது. பத்தடிக்கு ஓரங்குலமாவது சரிவு இல்லாமல் எந்தக் கொத்தனாரும் தளம் முடிக்கமாட்டார். அந்தச் சரிவு தூம்பில் போய்ச் சேரும், தூம்பு சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளில் மழைக்கு முன்பே ஆள் ஏறி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு மாற்று ஓடு செருகுவது வருடா வருடம் நடக்கும் வேலை. முற்றத்தில் மழையை வீட்டின் நடுவிலேயே இறங்க விட்டார்கள். இறங்கியது வெளியேறவும் மூலையில் வழி வைத்தார்கள். தண்ணீரை வராதே என்று சொல்வதைவிட, இப்படிப் போ என்று சொல்வது அந்த வீடுகளின் முறையாக இருந்தது.

தண்ணீர் கீழே இருந்து மேலே ஏறுவதும் உண்டு. சுவரில் ஓதம் காப்பது அப்படித்தான். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. மண்ணின் ஈரம் அவற்றைப் பிடித்து ஏறுகிறது, ஏறும்போது மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே படிகமாகும். படிகம் வளர வளரப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. இதைத் தடுக்கத்தான் கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கடத்தாத ஒரு படலத்தை அடித்தள மட்டத்தில் வைக்கிறார்கள். அது தரைமட்டத்துக்கு மேலே இருக்கும்வரை வீட்டைக் காக்கும்.

தெருவின் மட்டம் உயர்ந்துவிட்டால்? தமிழ்நாட்டு நகரங்களில் பல பத்தாண்டுகளாக நடந்தது இதுதான். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தாரைக் கொட்டிக் கொட்டி, ஒருகாலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஈரம் கடத்தாத அந்தப் படலம் மண்ணுக்குள் புதைந்துபோனது. சுவர்கள் ஓதம் காத்தன, ஒரு மணி நேர மழைக்கே தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டம் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலரே சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்கு இந்தப் பிரச்சினை முற்றியிருந்தது.

வசதியுள்ளவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடைக்கால் ஓரமாகத் தோண்டி, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைச் சுவர்களுக்குக் கீழே வரிசையாகக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக வீட்டையே மூன்றடி நான்கடி தூக்கிவிடுகிறார்கள். வியக்கத்தக்க தொழில்நுட்பம்தான். புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலிலேயே லாரி லாரியாக மண் கொட்டி மனையை உயர்த்திக்கொள்கிறார்கள். தெரு உயர்ந்தது, புது வீடு உயர்ந்தது, தூக்கிய வீடு உயர்ந்தது. முன்பு இவற்றின் இடத்திலெல்லாம் நின்று வடிந்த தண்ணீர் தெருவில் மிச்சமிருக்கும் அந்த ஒற்றைத் தாழ்ந்த வீட்டை நோக்கிப் போகிறது. அங்கே பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் இருப்பார், அல்லது விதவைத் தாய் இருப்பார், அல்லது தூக்கிக்கொள்ளப் பணமில்லாத குடும்பம் இருக்கும். அவர் இடத்தைவிட்டு ஓரடியும் நகரவில்லை. சுற்றியிருந்தவர்கள் உயர்ந்ததால் அவர் கீழ்வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைக்கு நேர்ந்ததை நான் இந்தக் கண்கொண்டுதான் பார்க்கிறேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதற்குத் தெற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரை முழுவதும் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. மேட்டில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகளும் எடுக்கத் தவறிய முடிவுகளும் ஒரே இரவில் பள்ளத்தில் இருந்தவர்களின் படுக்கையறைக்குள் வந்து சேர்ந்தன.

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது சுவரில் நேர்கோடாக நிற்கும் சேற்று வரம்பை. பிறகு வேலைகள் வரிசைகட்டி நிற்கும். மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாமல் இருக்க வேண்டும். சேறு காய்ந்து இறுகுவதற்குள் வாரிக் கழுவ வேண்டும். ஊறிப்போன மெத்தையைக் காப்பாற்ற முயலாமல் வெளியே போட வேண்டும். சன்னல்களைத் திறந்துவைத்துச் சுவருக்குள் குடித்த தண்ணீர் முழுவதும் வெளியேறும்வரை வண்ணம் பூசாமல் காத்திருக்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சில சுவர்களுக்கு மாதங்கள் ஆகும். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களைக் காய்ந்த பிறகு பிரித்தால் முகங்கள் உரிந்துவிடும். ஈரம் இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் அலசிப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களின் கைகளில்தான் விழுந்தது. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், நிலப் பத்திரம், ரேஷன் அட்டை ஆகியவற்றைத் துணிக்கொடியில் உலர்த்தி, எழுத்து அழியாமல் நிற்கிறதா என்று தாய்மார்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மாற்று ஆவணங்கள் தர அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இன்னும் கொடிய ஒன்று நடந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் வீடுகளுக்குள் புகுந்தது. வலையிலும் படகிலும் சுவரிலும் கருமை அப்பியது. தண்ணீர்க் கறையைக் கழுவலாம். அந்தக் கருமையை எதைக் கொண்டு கழுவுவது? மேலே ஒருவருடைய வளாகத்தில் கசிந்த எண்ணெய் கீழே இன்னொருவருடைய அடுப்படிவரை வந்துவிட்டது.

சட்டம் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டச் செய்தார். அந்த இடத்துக்கு அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்க வழிகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. 1860-இல் தேக்கிய தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, பக்கத்து நிலத்தில் ஃபிளெட்சர் என்பவர் நடத்திய நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிவிட்டது. ரைலண்ட்ஸுக்கு அந்தப் பழைய வழிகளைப் பற்றி எதுவுமே தெரியாது. ஆனாலும் 1868-இல் பிரபுக்கள் சபை அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தப்பினால் கேடு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து குவிக்கிறவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘எனக்குத் தெரியாது’ என்ற விடைக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை.

சில ஆண்டுகளுக்குள் அதே கேள்வி சென்னை மாகாணத்திலிருந்தும் லண்டனுக்குப் போனது. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின என்று மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1874-இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்த ஏரிகள் தொன்றுதொட்டு இருப்பவை, மக்களின் உழவும் உயிரும் அவற்றை நம்பி இருக்கின்றன, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அந்தக் கடமையில் அவர் அலட்சியம் காட்டியதாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தனக்காகத் தண்ணீரைத் தேக்கியவர் தெரியாமல் நடந்ததற்கும் பொறுப்பேற்றார். எல்லோருக்காகவும் தேக்கியவர், பேணும் கடமையில் குறை காணப்படாததால் விடுவிக்கப்பட்டார். மேலே நிற்பவருக்கு ஒரு கடமை உண்டு என்பதில் இரண்டு தீர்ப்புகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கடமை எப்படிப்பட்டது என்பதை நம் ஏரிகளே காட்டுகின்றன. தமிழ்நாட்டு ஏரிகளில் பல தனியாக இல்லை. மேலூர் ஏரி நிரம்பினால் அதன் கலிங்கு வழியும். வழிந்தது ஓடையில் இறங்கிக் கீழூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பியபின் அடுத்த ஊருக்கு. இப்படி ஏரிச் சங்கிலி ஆற்றிலோ கடலிலோ முடியும். கலிங்கின் உயரத்தை ஓரங்குலம் கூட்டினாலும் கீழூர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுடைய விளைச்சலே அந்த ஓரங்குலத்தில் இருக்கிறது. ஓடையில் புதர் மண்டினால் கீழே வயல் காயும், பெருமழையில் கரை உடைந்தால் கீழே ஊர் மூழ்கும். அதனால்தான் ஊர் கூடி வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து இருந்தது. மேலிருந்து கீழே தண்ணீர் போகும் அதே விதிதான் அங்கும் இயங்கியது. ஆனால் அங்கே கீழே இறங்கிய தண்ணீர் பயிராகியது.

ஆக, தண்ணீர் கீழ்நோக்கிப் போவது கேடு இல்லை. கேட்டையும் செல்வத்தையும் தீர்மானிப்பது, மேலே இருப்பவர் அதற்கு விட்டுவைத்த வழி. வழி இருந்தால் மேலூரின் மிச்சம் கீழூரின் சோறு. வழி அடைபட்டால் மேல்வீட்டாரின் குளியல் கீழ்வீட்டாரின் இடிந்த கூரை. மேட்டில் தேக்குகிறவரும் கொட்டுகிறவரும் உயர்த்துகிறவரும் தம் எல்லைச் சுவரோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தண்ணீருக்கு அந்தச் சுவர் தெரியாது. நாம் செய்து மறந்த ஒவ்வொன்றையும் அது எடுத்துக்கொண்டு போய் நமக்குக் கீழே இருப்பவரிடம் ஒப்படைக்கிறது.

நம்மில் யாரும் நிரந்தரமாக மேலேயும் இல்லை, நிரந்தரமாகக் கீழேயும் இல்லை. நான்காம் மாடியில் வசிப்பவருக்கு மேலே மொட்டைமாடியும் அதிலுள்ள தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. தரைத்தளத்தில் ஒழுகலைச் சகித்துக்கொண்டிருப்பவர் வெளியேற்றும் கழிவுநீர், தாழ்ந்த பகுதியில் வேறொரு தெருவை நாறடிக்கிறது. அவரைவிடத் தாழ்ந்த இடத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது, கழிமுகத்து மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கூரையாகவும் இன்னொருவருக்குத் தரையாகவும் ஒரே நேரத்தில் வாழ்கிறோம். தலைக்கு மேலே ஒழுகும்போது நாம் என்ன எதிர்பார்க்கிறோமோ, அதையே நம் காலடியில் வாழ்கிறவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்.

அவர் எதிர்பார்ப்பது பெரிதொன்றும் இல்லை. தான் சொல்வதை நம்ப வேண்டும் என்பதுதான். ‘எனக்குத் தெரியவில்லையே’ என்று மேலே இருப்பவர் சொல்வதை நாம் உடனே நம்பிவிடுகிறோம். ‘எனக்குச் சொட்டுகிறது’ என்று கீழே இருப்பவர் சொன்னால் சாட்சி கேட்கிறோம். இது தலைகீழான வழக்கம். மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போவது இயற்கை. அது அவருடைய குற்றமும் அல்ல, அவருக்கான விடுதலையும் அல்ல. தெரிந்தவர் வந்து சொன்ன பிறகும் பார்க்க மறுப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. அடுக்குமாடிக்கும் இது பொருந்தும், அணைக்கும் பொருந்தும், சாலை போடும் ஒப்பந்ததாரருக்கும் ஆலை நடத்துகிறவருக்கும் ஆட்சி செய்கிறவருக்கும் பொருந்தும். ஒரு கட்டடத்தின் நிலையைப் பற்றிய உண்மையை முதலில் அறிகிறவர் எப்போதும் அதன் தாழ்ந்த தளத்தில் இருப்பவரே. ஊரின் நிலையைப் பற்றியும் அப்படித்தான். கீழிருந்து வரும் சொல்லைக் கேட்டுத் தன் தரையை உடைத்துப் பார்க்கும் துணிவு மேலே இருப்பவருக்கு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு காலம்தான் அந்த வீடும் நிற்கும், அந்த ஊரும் நிற்கும்.